தனியாக வந்த தங்கம்

நாக்கை நீட்டிக் கல்லின் ஓரத்தை ஒரு நக்கு நக்கிவிட்டு, ஈரமான அந்த இடத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, கழுத்தில் கயிற்றோடு தொங்கும் குட்டி லென்ஸைக் கண்ணில் ஒட்டிக்கொள்கிறார் கல்லக்கா. கல் நனைந்தால்தான் நிறம் எழும்பும், உள்ளே மின்னுவது தெரியும். அதற்கென்றே தண்ணீர் தெளிக்கும் பாட்டில் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் முழுசாக நிரம்பி நிற்கிறது. "அப்ப அந்த பாட்டில் எதுக்குக்கா?" என்று யாராவது கேட்டால், "அது விருந்தாளிங்க முன்னாடி நாகரிகமா நடந்துக்க," என்பார். தலைமை அலுவலகத்திலிருந்து ஆள் வரும் நாளில் பாட்டிலைக் கையில் எடுப்பார். வந்தவர்களின் வண்டி கிளம்பிப் புழுதி அடங்குவதற்குள் நாக்கு வெளியே வந்துவிடும்.

கல்லக்கா ஒரு நிலவியலாளர். பூமிக்குள் தங்கம் எங்கே கிடக்கிறது என்று துளை போட்டுத் தேடும் கம்பெனியில் இருபத்தாறு வருடம் முடித்துவிட்டார். ஐம்பத்து மூன்று வயது, ஒல்லி உடம்பு, ஆறு பை வைத்த கால்சட்டை. ஆறு பையிலும் கல். பையைத் துழாவாமல் துணியைப் போட்டு இரண்டு சலவை இயந்திரங்களைக் காலி பண்ணிவிட்டார் என்று அவருடைய கணவரே ஒரு நாள் ஷெட்டுக்கு வந்து அங்கலாய்த்தார். கணவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், பரம சாது. "எல்லார் வீட்டு ஜன்னல்லயும் பூந்தொட்டி இருக்கும். எங்க வீட்டு ஜன்னலை மூடவே முடியாதுங்க, அவ்வளவு கல்லு," என்று சொல்லிவிட்டு, மனைவி மறந்து வைத்துவிட்டு வந்த மூக்குக்கண்ணாடியைக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஷெட் என்பது மலையடிவாரத்தில் நீளமாகக் கிடக்கும் ஒரு தகரக் கொட்டகை. மலைமேல் துளை போடும் இயந்திரம் ஓடுகிறது. அது பூமிக்குள்ளிருந்து உருவித் தரும் உருளைக் கற்களுக்கு, மணிக்கட்டுப் பருமன் இருக்கும், கோர் என்று பெயர். மேலே இருந்தது மேலே, கீழே இருந்தது கீழே என்று வரிசை பிசகாமல் நீளப் பெட்டிகளில் அடுக்கிக் கொண்டுவருவார்கள். கல்லக்கா அதைப் படிப்பார். படிப்பது என்றுதான் அவர் சொல்வார், பார்ப்பது என்று யாராவது சொல்லிவிட்டால் முகம் சுருங்கும். படித்து முடித்துச் சிவப்புப் பென்சிலால் நெடுக ஒரு கோடு போடுவார். அந்தக் கோட்டின் மேல் ரம்பத்தை ஓட்டிக் கல்லை இரண்டாக அறுப்பவர் அறுவை அண்ணன். ஒரு பாதி பையில் ஏறி ஆய்வுக்கூடத்துக்குப் போகும். மறு பாதி பெட்டியிலேயே தங்கும், பின்னால் ஒரு சந்தேகம் வந்தால் கேட்டுத் தெரிந்துகொள்ள. அறுவை அண்ணனுக்கு அந்தப் பெயர் செய்யும் தொழிலால் வந்ததா, அடிக்கும் ஜோக்குகளால் வந்ததா என்று ஷெட்டில் இன்னும் தீர்ப்பாகவில்லை.

இதையெல்லாம் மூன்றடி தள்ளி நின்று ஆறு வருடமாகப் பார்த்துக்கொண்டிருப்பவர் முடிச்சு. அறுத்த கல்லைப் பையில் போட்டு, எண் சீட்டு வைத்து, வாயைக் கட்டுவது அவர் வேலை. நாற்பத்து நாலு வயது. கணவர் இல்லை, ஒற்றை ஆளாக ஒரு மகளை வளர்த்து ஆளாக்கியவர். துணி தைக்கும் ஆலை மூடிப்போன பிறகு பதினோரு இடத்தில் வேலை கேட்டு, பதினோரு இடத்திலும் "சொல்லி அனுப்பறோம்" என்ற பதிலோடு திரும்பியவர். பன்னிரண்டாவது இடம் இந்த ஷெட். கல்லக்கா படிப்பையும் கேட்கவில்லை, முன் அனுபவத்தையும் கேட்கவில்லை. ஒரு பையையும் கயிறையும் நீட்டி, "கட்டுங்க பாக்கலாம்," என்றார். கட்டினார். கல்லக்கா நகத்தால் இழுத்துப் பார்த்தார், பல்லால் கடித்துப் பார்த்தார், கடைசியில் கத்தரிக்கோலைத் தேடினார். "நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு வந்துடுங்க," என்றார். அன்றைக்கு வந்த பெயர்தான் முடிச்சு. அந்த "வந்துடுங்க"வுக்கு இன்னும் நன்றி சொல்லி முடியவில்லை என்று முடிச்சு சொல்வார். சொல்லப் போனால் கல்லக்கா காது கொடுத்துக் கேட்க வேண்டுமே! "அந்தப் பை வாய் திறந்து கிடக்கு பாருங்க," என்று பேச்சை மாற்றிவிடுவார்.

இருபத்தாறு வருடத்தில் எத்தனை சுரங்கம் கண்டுபிடித்திருப்பார் என்று நினைக்கிறீர்கள்? ஒன்றுகூட இல்லை. முடிச்சு வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதைக் கேட்டுவிட்டு, கேட்டிருக்கக் கூடாதோ என்று நாக்கைக் கடித்துக்கொண்டார். கல்லக்காவுக்கு வருத்தமே இல்லை. "எங்கெங்க இல்லன்னு எனக்குத் தெரியும்ல? அது என்ன சின்ன விஷயமா?" என்றார். ஒரு துளை முழுக்க வெறுங்கல்லாக வந்தால் வேறு யாராக இருந்தாலும் தலையில் கை வைத்துக்கொள்வார்கள். இவர் வரைபடத்தைச் சுவரில் ஒட்டி, அந்தப் புள்ளியில் கறுப்பு மையால் வட்டம் போட்டு, "இங்க இல்ல," என்று எழுதுவார். பிறகு மலையேறிப் போய்த் துளை போட்டவர்கள் ஒவ்வொருவருக்கும் கை கொடுத்து நன்றி சொல்லிவிட்டு வருவார். ஒன்றும் கிடைக்காததற்கு எதற்கு நன்றி என்று அந்த மனிதர்கள் முதலில் மிரண்டார்கள். இப்போது வேலை முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள்.

மனிதர்களிடம் இவ்வளவு நன்றி காட்டுபவருக்கு ஆய்வுக்கூடத்தின் மேல் மட்டும் மருந்துக்கும் நம்பிக்கை கிடையாது. இருபது பைக்கு ஒரு பை வீதம், தங்கமே இல்லை என்று நிச்சயமாகத் தெரிந்த கல்லை நடுவில் செருகி அனுப்புவார். ஷெட்டில் அதற்குச் சும்மாக்கல் என்று பெயர். சும்மாக்கல்லில் தங்கம் இருப்பதாக ஆய்வுக்கூடம் சொன்னால், அங்கே யாரோ பாத்திரத்தைச் சரியாகக் கழுவவில்லை என்று அர்த்தம். ஒரு தடவை அப்படி வந்தபோது அவர் தொலைபேசியில் பேசிய பேச்சை அறுவை அண்ணன் ரம்பத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார். கெட்ட வார்த்தை ஒன்றுகூட இல்லை. ஆனால் அதன் பிறகு அந்த ஆய்வுக்கூடத்துக்காரர்கள் பாத்திரங்களை இரண்டு தடவை கழுவுகிறார்கள்.

ஷெட்டுக்குள் தங்கம் கூடாது என்பது அவருடைய இன்னொரு பிடிவாதம். தங்கம் மெத்தென்றது, கல் கரடு. மோதிரமோ வளையலோ கல்லில் ஒரு உரசு உரசினால் கண்ணுக்குத் தெரியாத துணுக்கு அதில் ஒட்டிக்கொள்ளும். ஆய்வுக்கூடம் பத்து லட்சத்தில் ஒரு பங்கைக்கூடக் கண்டுபிடித்துவிடும் இடம், அதற்கு அந்தத் துணுக்கு போதும். அதனால் தினமும் காலையில் கல்லக்கா வாசலில் நின்று, வருபவர்கள் கையை நீட்டினால், இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்த பிறகுதான் உள்ளே விடுவார். வீட்டிலிருந்தே எடுத்து வராமல் இருப்பது நல்லது என்று அவர் எந்த நகையும் போடுவதில்லை. "தங்கம் தேடுற வேலைன்னு பேரு, கழுத்துல ஒரு குந்துமணி தங்கம் இல்ல," என்று அவருடைய நாத்தனார் பார்க்கும் இடத்திலெல்லாம் சொல்லிக்காட்டுகிறாராம். இவர் சிரித்துக்கொண்டு லென்ஸைத் தொட்டுக்கொள்வாராம்.

இந்த மழைக்காலம் முடிந்தபோது தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. இந்த மலையில் மூன்று வருடமாகத் துளைத்தாயிற்று. அடுத்த இரண்டு துளைகளிலும் ஒன்றும் வராவிட்டால் ஷெட்டை மூடுவது என்று முடிவாகியிருக்கிறது. பதினெட்டுப் பேர் வேலை. கல்லக்கா கடிதத்தை மறைத்து வைக்கவில்லை, எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்து வரி விடாமல் வாசித்துக் காட்டினார். அறுவை அண்ணன் அன்றைக்கு ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை. முடிச்சு விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். பன்னிரண்டாவது இடமும் போனால் பதிமூன்றாவது இடத்துக்கு எங்கே போவது?

அந்தச் சமயம் பார்த்துத்தான் முடிச்சின் மகளுக்கு ஒரு மருந்துக் கடையில் வேலை கிடைத்தது. முதல் சம்பளம் வாங்கிய அன்று சாயங்காலம் அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணை மூடச் சொல்லி, விரலில் ஒரு மோதிரத்தைப் போட்டுவிட்டாள். மெல்லிசு, கல் இல்லை, ஓரத்தில் இலை மாதிரி ஒரு வேலைப்பாடு. "கழட்டவே கூடாதும்மா," என்றாள். முடிச்சு அழுதார், சிரித்தார், பாத்திரம் கழுவும்போதுகூடக் கழற்றவில்லை. மறுநாள் வியாழக்கிழமை. ஷெட் வாசலுக்கு வந்த பிறகுதான் விரலைப் பார்த்து அய்யோ என்று நின்றார். கல்லக்கா வாசலில்தான் இருந்தார். ஆனால் மலைமேல் துளைக் குழாய் நடுவழியில் சிக்கிக்கொண்டிருந்தது. காதில் தொலைபேசியும் கையில் வரைபடமுமாக, யார் முகத்தையும் பார்க்காமல், "போங்க, போங்க, உள்ள போங்க," என்று கை வீசினார். இருபத்தாறு வருடத்தில் அவர் கை பார்க்காமல் ஆள் விட்டது அந்த ஒரு காலைதான் இருக்கும். ஒரு நாள்தானே, மேலே கையுறை போட்டுக்கொள்கிறோமே என்று முடிச்சு உள்ளே போய்விட்டார்.

அன்றைக்கு வந்த கோர் நல்ல கோர் இல்லை. நாற்பத்தோராம் பெட்டியில் வெள்ளைக் கல் நொறுங்கிச் சில்லுச் சில்லாகக் கிடந்தது. ரம்பத்தில் வைக்க முடியாது, பாதியைக் கையால் அள்ளித்தான் பையில் போட வேண்டும். அள்ளினார். சாயங்காலம் கையுறையைக் கழற்றியபோது மோதிர விரலில் ஒரு கிழிசல் இருந்தது. மோதிரத்தின் இலை வேலைப்பாட்டில் இரண்டு கீறல் விழுந்திருந்தது. மகள் வாங்கித் தந்தது கீறிவிட்டதே என்றுதான் முதலில் மனசு அடித்துக்கொண்டது. கல்லைப் பற்றிய நினைப்பு வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகுதான் வந்தது. ஒன்றும் ஆகியிருக்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, மோதிரத்தைக் கைக்குட்டையில் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டார்.

மூன்று வாரம் கழித்து ஆய்வுக்கூடத்திலிருந்து முடிவு வந்தது. நாற்பத்தோராம் பெட்டி, நூற்றுப் பதினெட்டாவது மீட்டர், ஒரு டன் கல்லுக்கு மூன்றே முக்கால் கிராம் தங்கம். கேட்பவர்களுக்கு இது என்ன பிரமாதம் என்று தோன்றும். இந்தத் தொழிலில் இருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஷெட்டில் தலைகால் புரியவில்லை. அறுவை அண்ணன் ரம்பத்துக்கு மாலை போட்டே தீருவேன் என்று பூத் தேடினார். தலைமை அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தது: ஷெட்டை மூட வேண்டாம், அந்த இடத்தைச் சுற்றி ஐந்து துளை போடலாம், திட்டத்தில் கையெழுத்துப் போட்டுத் திங்கட்கிழமை அனுப்புங்கள்.

எல்லோரும் குதிக்கும்போது கல்லக்கா மட்டும் பெட்டியில் தங்கியிருந்த மறு பாதிச் சில்லுகளைக் கொட்டி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக நக்கிக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை முழுக்க அதே வேலை. டீ ஆறி ஆடை கட்டியது. சனிக்கிழமை மத்தியானம் எல்லோரும் டீக்கு உட்கார்ந்தபோது லென்ஸை நெஞ்சில் விட்டுவிட்டுச் சொன்னார்:

"இந்த மலைல தங்கம் தனியா வராது. ஆர்சனிக், கந்தகம், இரும்புன்னு சொந்தபந்தம் மொத்தத்தையும் கூட்டிக்கிட்டுதான் வரும். மூணு வருஷமா துளியூண்டு வந்தப்பக்கூட அப்படித்தான் வந்திருக்கு. இது மட்டும் வீட்ல சொல்லாம ஓடி வந்த மாதிரி ஒத்தையா வந்து நிக்குது."

"ஓடி வந்ததுன்னா என்னக்கா, நாமதான் வெச்சு வாழ வெக்கணும்," என்றார் அறுவை அண்ணன். எல்லோரும் சிரித்தார்கள்.

"லேப்ல தப்பு நடந்திருக்குமோ?" என்று ஒருவர் கேட்டார்.

"பக்கத்துப் பை சும்மாக்கல். அது சுத்தமா வந்திருக்கு. லேப் மேல பழி போட முடியாது," என்றார் கல்லக்கா. பிறகு ஏதோ கணக்குப் போடுபவர் போலத் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிச்சு டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். வீட்டுக்குப் போனவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சொன்னால் ஐந்து துளையும் போச்சு, ஷெட் போச்சு, பதினெட்டுப் பேர் வேலை போச்சு, தன் வேலை முதலில் போச்சு. சொல்லாவிட்டால்? யாருக்கும் தெரியப் போவதில்லை. நாலு மாதம் ஐந்து துளை போட்டு, ஒன்றும் இல்லை என்று ஆன பிறகு அந்தம்மா சுவரில் கறுப்பு வட்டம் போடுவார். எல்லோருக்கும் கை கொடுப்பார். தன் கையையும் பிடித்துக் குலுக்குவார். இந்த இடத்துக்கு வந்ததும் முடிச்சுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இப்படி ஒரு மனுஷி தன்னை நம்பி நன்றி சொல்ல, தான் கல் மாதிரி நின்று அதை வாங்கிக்கொள்வதா? மகளிடம் விஷயத்தைச் சொன்னார். "கழட்டக் கூடாதுன்னு நான் சொன்னது சும்மா ஆசைக்கும்மா. வேலை செய்யற இடத்துல சொன்னதைத்தானே நீ கேக்கணும்," என்றாள். "போய்ச் சொல்லிடு. நான் சம்பாதிக்கறேன்ல."

திங்கட்கிழமை எட்டு மணிக்கு முன்பே முடிச்சு ஷெட் வாசலில் நின்றார். கைக்குட்டையைப் பிரித்து மோதிரத்தை நீட்டி, "அக்கா, அந்தத் தங்கம் என்னோடதுக்கா," என்றார்.

கல்லக்கா என்ன செய்தார் தெரியுமா? "அங்கயே நில்லுங்க! உள்ள ஒரு அடி வைக்காதீங்க!" என்று கத்திக்கொண்டு வெளியே ஓடி வந்தார். வெளியே இருந்த மர நிழலுக்கு முடிச்சைத் தள்ளிக்கொண்டு போய், மோதிரத்தை வாங்கி லென்ஸில் வைத்தார். வெகு நேரம் பார்த்தார். இரண்டு கீறலிலும் வெள்ளைக் கல்லின் மாவு இன்னும் அப்பியிருந்தது. முடிச்சு வியாழக்கிழமைக் கதையை ஒரு வார்த்தை மிச்சம் வைக்காமல் சொல்லி முடித்தார். கல்லக்கா கவிழ்த்து வைத்திருந்த ஒரு வாளியின் மேல் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். திட்டப் போகிறார் என்று முடிச்சு கண்ணை மூடிக்கொண்டார்.

"நல்ல மோதிரம். உங்க பொண்ணு நாலு கடை ஏறி இறங்கி வாங்கியிருக்கா," என்றார் கல்லக்கா. குரல் என்னவோ போல இருந்தது. "ரொம்ப நன்றிம்மா."

"என்னக்கா சொல்றீங்க? நான் எல்லாரோட பொழப்பையும் கெடுத்துட்டு வந்து நிக்கறேன்."

"நீங்க இன்னிக்குச் சொல்லலைன்னா பத்து மணிக்குக் கையெழுத்துப் போட்டிருப்பேன். அஞ்சு துளை. அத்தனையும் வெறுங்கல்லு. அப்புறம் நெஜமாவே இருக்கலாம்னு நான் நெனைக்கற மேற்குச் சரிவைத் தோண்டணும்னு கேட்டா எவன் தருவான்? ரெண்டு நாளா மனசு அரிச்சுக்கிட்டே இருந்துச்சு, என்னன்னு பிடிபடல. இப்பதான் நிம்மதியா இருக்கு." மோதிரத்தைத் தன் சட்டை நுனியில் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். "சாயங்காலம் போட்டுக்குங்க. வீட்ல போட்டுக்க என்ன தடை?"

பெட்டியில் இருந்த மறு பாதி ஆய்வுக்கூடத்துக்குப் போனது. ஒன்பது நாள். ஷெட்டில் விஷயம் கசிந்துவிட்டது. இரண்டு பேர் முடிச்சிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை, அவர்கள் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டுமே. அறுவை அண்ணன்தான், "நம்ம ஷெட்லயே தங்கம் இருக்குன்னு நிரூபிச்ச ஒரே ஆளு நீதாம்மா," என்று சொல்லி அவரைச் சிரிக்கவைக்கப் பார்த்தார். அறுவைதான், ஆனாலும் முடிச்சுக்கு அன்றைக்கு அது தேவைப்பட்டது. ஒன்பதாம் நாள் முடிவு வந்தது. மூன்றே முக்கால் கிராம் போன இடம் தெரியவில்லை, சும்மாக்கல்லுக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை.

நேற்று முன்தினம் தலைமை அலுவலகத்திலிருந்து பெரிய மேலாளர் வந்தார். கல்லக்கா இரண்டு முடிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். நடந்ததைச் சொன்னார், மேற்குச் சரிவின் வரைபடத்தை விரித்தார். மேலாளர் நல்ல மனிதர், ஆனால் எதற்கும் காகிதம் வேண்டும் என்கிற மனிதர். பேசிப் பேசிக் கடைசியில் ஐந்து துளையை இரண்டாக்கினார். இரண்டு துளை, மேற்குச் சரிவில், அதுவரைக்கும் ஷெட் ஓடும். கல்லக்கா அவர் கையைப் பிடித்துக் குலுக்கிய குலுக்கலில் மேலாளரின் பேனா கீழே விழுந்தது. அதை எடுத்துக்கொண்டே அவர் சொன்னார், "சம்பவ அறிக்கை மட்டும் நிரப்பி அனுப்பிடுங்க. யாரால நடந்ததுன்னு ஒரு பேர் வேணும். விதி உங்களுக்கே தெரியும்."

விதி எல்லோருக்கும் தெரியும். அறிக்கையில் ‘காரணமானவர்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் தொழிலாளி பெயர் வந்தால் அந்த வாரத்தோடு கணக்கு முடித்து அனுப்பிவிடுவார்கள். அதிகாரி பெயர் வந்தால் வேலை போகாது, கையெழுத்துப் போடும் உரிமை ஒரு வருடத்துக்குப் போகும். அவர் படித்த கல்லுக்கு வேறொருவர் வந்து கையெழுத்துப் போடுவார். பக்கத்து மலையில் அதற்கு ஆள் தயாராக இருக்கிறார். கல்லுக்கும் காங்கிரீட்டுக்கும் வித்தியாசம் தெரியாத ஆசாமி என்று கல்லக்காவே அவரைப் பற்றிப் பல தடவை சொல்லிச் சிரித்திருக்கிறார்.

முடிச்சு அன்று ராத்திரியே தன் சாமான்களை ஒரு பையில் போட்டுக் கட்டி வைத்துவிட்டார். தேநீர்க் கோப்பை, மாற்றுக் கையுறை, மகளின் சின்ன வயசுப் படம். வருத்தம் இருந்தது, புகார் இல்லை. ஆறு வருடம் மரியாதையாகச் சம்பாதித்தாயிற்று, மகள் படித்துவிட்டாள், ஷெட்டும் இப்போதைக்குப் பிழைத்தது. கிளம்பும்போது காலில் விழுந்தாவது நன்றி சொல்லிவிட வேண்டும், எந்தப் பை வாய் திறந்து கிடந்தாலும் பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டார்.

நேற்று மத்தியானம் கல்லக்கா அறிக்கையோடு பை கட்டும் மேசைக்கு வந்தார். சாம்பிளைக் கையாண்டவர் என்ற முறையில் முடிச்சும் அடியில் கையெழுத்துப் போட வேண்டும். காகிதத்தை மேசைமேல் வைத்து, அதன் நடுவில் தன் இடது உள்ளங்கையை விரித்து அழுத்திக்கொண்டு, "இங்க போடுங்க," என்று கீழே காட்டினார்.

"கையை எடுங்கக்கா. படிச்சுட்டுப் போடறேன்."

"படிக்க ஒண்ணும் இல்ல. நாள், கிழமை, பெட்டி நம்பர். எல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சதுதான்."

விரல்களுக்கு நடுவே இருந்த சந்தில் முடிச்சு குனிந்து பார்த்தார். கட்டத்தின் ஓரத்தில் ஒரே ஒரு எழுத்து தெரிந்தது. ஆறு வருடமாக ஒவ்வொரு பெட்டியின் மூடியிலும் பார்த்துப் பழகிய, கல்லக்கா பெயரின் வால் நீண்ட அந்த முதல் எழுத்து.

"அக்கா!" என்றார் முடிச்சு. "பொய் நம்பர் ஒண்ணு எழுத மாட்டேன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கீங்க. இது என் தப்புக்கா. என் பேரை எழுதுங்க."

"பொய் இல்லம்மா. மோதிரம் போட்டது நீங்க. வாசல்ல பாக்காம விட்டது நான். பாக்கறதுக்குத்தான் எனக்குச் சம்பளம். அந்தக் கட்டத்துல ஒரு பேர் எழுதத்தான் இடம் இருக்கு."

"அந்த ஆளு வந்து உங்க கல்லுக்குக் கையெழுத்துப் போடுவானேக்கா!"

"போடட்டும். எங்க போடணும்னு நான்தானே காட்டணும்?"

முடிச்சு காகிதத்தின் முனையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். அது அசையவில்லை. ரம்பம் நின்றிருந்தது, அறுவை அண்ணன் இந்தப் பக்கம் திரும்பாமல் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். முடிச்சுக்கு நன்றி என்ற வார்த்தை வாய் வரைக்கும் வந்து உடைந்து போயிற்று, கண்ணீர்தான் வந்தது. கல்லக்கா அவரைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். இடது உள்ளங்கையை ஒரு நூல் அளவும் நகர்த்தாமல், பேனாவின் மூடியைப் பல்லால் கடித்துக் கழற்றி, வலது கையால் பேனாவை முடிச்சின் விரல்களுக்கு நடுவில் வைத்து, அந்த விரல்களை மடக்கிவிட்டார்.